பதினேழாம் எண் கட்டடத்தின் கிழக்குச் சுவர்

எங்கள் சங்கத்தில் ஒன்பது பேர், பைனாகுலர் நான்கு.
அதில் ஒன்றில் எல்லாமே இரண்டாகத் தெரியும்.
அதைத் தலைவர் பொகுமிலுக்குக் கொடுத்துவிட்டோம்.
ஒவ்வோர் ஆண்டும் அவர் கணக்கைப்
பாதியாக்கி எழுதுகிறேன், செயலாளர் நான்.

விஸ்தூலாவின் வலக்கரையில் ப்ருத்னோ.
வார்சாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்
இந்தப் பக்கம் வருவதில்லை.
உழவாரன்கள் வருகின்றன,
மே முதல் வாரத்தில், சகாராவைத் தாண்டி,
பதினோராம் மாடிக்கு மேல் கூரையடியில்
வரிசையாய் விட்ட காற்றுத்துளைகளுக்கு.
ஒவ்வொன்றும் முஷ்டி நுழையும் அளவு.
கட்டிய பொறியாளர் பறவைகளை நினைத்திருக்க மாட்டார்.

கிளையில் உட்காராத பறவை.
தூக்கமும் காற்றில், உணவும் காற்றில்.
நாள் முழுக்க வானத்தை உழுதுவிட்டு
ஒரு விதையும் போடாமல் போகும்.
அதற்கு வேண்டியதெல்லாம்
முட்டை உருண்டுவிடாத ஓர் இருட்டு.

சென்ற ஜூன் பத்தாம் தேதி
பதினேழாம் எண் கட்டடத்துக்குச் சாரம் கட்டினார்கள்.
சுவருக்குத் தெர்மாகோல் போர்வை,
துளைகளுக்குக் கம்பிவலை.
குளிர்காலக் கட்டணம் மூன்றில் ஒன்று குறையுமாம்.
குடியிருப்போர் மனுவில் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
நாற்பத்து மூன்றாம் வீட்டுக் கையெழுத்து
என்னுடையது.

இதைச் சங்கத்தில் நான் சொல்லவில்லை.

வேலையை நிறுத்தக் கோரும் படிவத்தையும்
நான்தான் நிரப்பினேன், அதே பேனாவால்.
ஹல்ஷ்கா கேட்டாள்:
உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தால்தான் கூடா,
கத்தல் கேட்டால் போதாதா?
சட்டத்துக்குக் காது கிடையாது என்றார் பொகுமில்.
நாற்பது நிமிடம் சண்டை.
அதற்குள் மேலே இன்னும் மூன்று துளைகள் மூடிவிட்டன.

லிஃப்டில் திருமதி செரோட்ஸ்கா
வெப்பக் கட்டணச் சீட்டை
என் மூக்குக்கு நேரே விரித்தாள்.
"உங்கள் குருவி கட்டுமா இதை?"
பிப்ரவரியில் அவள் கோட்டோடு தூங்குவது எனக்குத் தெரியும்.
நானும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம்.
நான்காம் மாடியிலேயே இறங்கிவிட்டேன்.
என் வீடு பதினொன்றில்.

சனிக்கிழமை. அதிகாரி திங்கள்தான் வருவார்.
சாரத்தின் உச்சியில் ஓஸ்தாப், தெர்னோப்பில்காரன்,
வலை மாட்டுவது அவன் வேலை.
காலையிலிருந்து ஒரே துளைக்கு முன்னால் நின்றிருந்தான்.
பைனாகுலரில் அவன் காது பெரிதாகத் தெரிந்தது,
சுவரோடு ஒட்டியபடி.
தொப்பியைக் கழற்றினான்.
மறுபடி காதை வைத்தான்.
பிறகு கம்பி வெட்டும் குறட்டை எடுத்தான்.

ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது.
யாராவது பேசினால் அவன் நிறுத்திவிடுவான் என்பதுபோல்
கீழே ஒன்பது பேரும் வாய் திறக்கவில்லை.
ஐந்தாவதில்
ஒரு கறுப்பு அரிவாள் விர்ரென்று உள்ளே பாய்ந்தது.
எழுதுங்கள், எழுதுங்கள் என்றார் பொகுமில்.
அவருக்கு அது இரண்டு.

அதிகாரி வந்தார், படம் எடுத்தார்,
ஆகஸ்ட் முடியும்வரை வேலை நிற்கட்டும் என்றார்.
ஓஸ்தாப்புக்கு இரண்டு மாதக் கூலி போயிற்று.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இப்போது க்தான்ஸ்க் பக்கம் எங்கோ இருக்கிறான் என்று கேள்வி.

இது ஜனவரி.
மற்ற மூன்று சுவர்களுக்கும் போர்வை வந்துவிட்டது.
கிழக்குச் சுவருக்கு ஒப்பந்தக்காரர் திரும்பவே இல்லை,
வெற்றுடம்பாய் நிற்கிறது.
என் படுக்கையறை கிழக்கில்.
எனக்கு நேர் கீழே செரோட்ஸ்காவுடையது.

நேற்றிரவு லிஃப்ட் ஓடவில்லை.
படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.
"எத்தனாம் தேதி வரும், உங்களுடையவை?"
மே ஏழு வாக்கில் என்றேன்.
கட்டணச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
இருவர் மூச்சும்
விளக்கடியில் வெள்ளையாய்க் கலந்து ஏறின.